சுவிட்ச் இருக்கும் இடம்

ஒலக்கூருக்கு எதிர்காலம் கொஞ்சம் லேட்டாகத்தான் வரும். தாம்பரத்திலிருந்து கிளம்பும் விழுப்புரம் பாசஞ்சர் மாதிரி, தொழுப்பேடு, கரசங்கால் என்று நின்று நின்று வந்து, ஒரு நிமிஷம் தலையைக் காட்டிவிட்டு பாஞ்சாலம் பக்கம் போய்விடும். சென்னையிலிருந்து ரொம்ப தூரமில்லை. ஆனாலும் பழைய மகாபலிபுரம் சாலையில் நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் "இனிமே இதுதான்" என்று பேசப்படும் ஒரு பொருள் எங்கள் அம்மாவின் சமையலறைக்கு வந்து சேர ஏழெட்டு வருஷமாகிறது. வராமலே போனவையும் நிறைய.

இந்தத் தாமதத்தில் ஒரு வசதி உண்டு. மேடையில் கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் தூக்கிக் காட்டும்போது எல்லாப் பொருளும் அழகாகத்தான் இருக்கும். அதே பொருள் ஒரு வீட்டில் பத்து வருஷம் எண்ணெய்ப் பிசுக்கும் கரண்ட் கட்டும் பட்ட பிறகு என்னவாக இருக்கிறது என்று பார்த்தால்தான் அது என்ன பொருள் என்று தெரியும். நான் மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா வீட்டுப் பொருட்களை இப்படிப் பார்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. பார்த்துப் பார்த்து எனக்கு ஒரே ஒரு கேள்வி மிஞ்சியிருக்கிறது: இதன் சுவிட்ச் எங்கே இருக்கிறது?

*

எங்கள் வீட்டின் முதல் மின்னணுப் பொருள் அப்பாவின் டிரான்சிஸ்டர். புதுச்சேரி வானொலி அதில் நன்றாக எடுக்கும். அதன் உரிமையாளர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. திருகினால் பேசும், திருப்பித் திருகினால் வாயை மூடும்.

அடுத்து வந்தது டிவி. 2006 சட்டமன்றத் தேர்தல் வாக்குறுதிப்படி வீட்டுக்கு வீடு கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. தமிழ்நாடு முழுக்க ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்தார்கள். 2011க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மேஜை ஃபேன். என் அலுவலகத்தில் இதையெல்லாம் 'இலவசம்' என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். சொல்லும்போது உதடு ஒரு பக்கமாகக் கோணும். எனக்கு அந்தக் கோணலில் உடன்பாடில்லை. ஆட்டுக்கல்லில் இட்லி மாவு ஆட்ட அம்மாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு கை குழவியைச் சுற்றும், ஒரு கை மாவைத் தள்ளிவிடும். பண்டிகைக்கு முந்தின ராத்திரி அம்மா மணிக்கட்டில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த நேரத்தை ஒரு மோட்டார் திருப்பிக் கொடுத்தது. நுகர்வோர் தொழில்நுட்பம் என்று நாங்கள் மீட்டிங்கில் உச்சரிக்கும் சொல்லுக்கு, எனக்குத் தெரிந்து, இதைவிட நேரான எடுத்துக்காட்டு கிடையாது.

அந்த மிக்சி இன்னும் ஓடுகிறது. அதே மிக்சி என்று சொல்வது கொஞ்சம் சிக்கல்தான். கப்ளர் மூன்று தடவை மாறியிருக்கிறது, ஜாருக்கு புஷ் மாற்றியாயிற்று, கார்பன் பிரஷ் போன வருஷம் புதுசு. திண்டிவனத்தில் ஒரு சின்ன ரிப்பேர் கடை. வாசலில் திறந்துபோட்ட மிக்சிகளும் செப்புக்கம்பி தெரியும் ஃபேன் மோட்டார்களும் வரிசையாகக் கிடக்கும். அண்ணன் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு, காதைச் சாய்த்துச் சத்தம் கேட்டே வியாதியைச் சொல்லிவிடுவார். "இதுல ஒண்ணும் இல்லம்மா, கப்ளர் தேஞ்சிருக்கு." அந்த 'ஒண்ணும் இல்லம்மா'வைக் கேட்க அம்மா டவுன் பஸ்ஸில் போய்வருவாள். பழுதைக்கூட ஒரு மனிதர் பார்த்துச் சொல்ல முடிந்த பொருள் அது.

செல்போனும் முதலில் அப்படித்தான் வந்தது. அப்பாவிடம் இருந்தது நோக்கியா 1100. 2003இல் வெளியாகி உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன். அதை வடிவமைத்தவர்கள் அதன் தலையில் ஒரு டார்ச் லைட்டை வைத்தார்கள். த்ரீ ஃபேஸ் கரண்ட் ராத்திரி இரண்டு மணிக்கு வரும் காலம் அது. அப்பா அந்த வெளிச்சத்தில் வரப்பு மேல் நடந்து போய் மோட்டார் போட்டுவிட்டு வருவார். பாம்புக்கு பயந்து தரையைத் தட்டிக்கொண்டே போவார். பிறகு செல்போன் ஸ்டார்ட்டர் என்று ஒன்று வந்தது. மோட்டார் கொட்டகையில் ஒரு சிம் கார்டுப் பெட்டி. படுத்த இடத்திலிருந்து கூப்பிட்டால் மோட்டார் ஓடும். அப்பாவுக்கு அதைவிடப் பெரிய விஞ்ஞானம் எதுவும் தேவைப்படவில்லை. சுவிட்ச் கொட்டகையிலிருந்து அவர் தலைமாட்டுக்கு வந்துவிட்டது. இன்னும் நெருக்கமாக அவர் கையிலேயே வந்துவிட்டது.

*

2016 ஒரு வினோதமான வருஷம். ஏப்ரலில் யுபிஐ அறிமுகமானது. செப்டம்பர் 5ஆம் தேதி ஜியோ. நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு. மூன்றும் ஒரே வருஷத்துக்குள் நடந்தன. எங்கள் ஊருக்கு இந்த ஒரு தடவை எதிர்காலம் லேட்டாக வரவில்லை. கதவைத் தட்டாமலே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.

இன்று எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில், மாலை போட்ட சாமி படத்துக்குக் கீழே ஒரு சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி இருக்கிறது. காசு அனுப்பினால் எவ்வளவு வந்தது என்று தமிழில் உரக்கச் சொல்லும். அம்மாவுக்கு அதைப் பிடிக்கும். போன் திரையில் ஓடும் பொடி எழுத்தை அவளால் படிக்க முடியாது. பெட்டி சொல்லிவிட்டால் காசு போய்ச் சேர்ந்துவிட்டது. கடைக்காரர் அம்மாவை ஏமாற்றவும் முடியாது, அம்மா கடைக்காரரை ஏமாற்றவும் முடியாது. எழுத்தையே நம்பியிருந்த ஒரு தொழில்நுட்பம் பேச்சுக்கு இறங்கிவந்தது நல்ல விஷயம். இனி வரப்போகும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருப்பதும் இதில்தான். படிக்கத் தெரியாதவர், கண் மங்கியவர், தட்டச்சு வராதவர் எல்லாரும் வாயைத் திறந்து கேட்கலாம்.

ஆனால் அந்தப் பெட்டி கடைக்காரருடையது அல்ல. அதற்கு மாத வாடகை. டவர் இல்லாத நேரத்தில் அது வெறும் பிளாஸ்டிக். கெட்டுப்போனால் திண்டிவனத்து அண்ணனிடம் கொண்டுபோய்ப் பயனில்லை, ஏனென்றால் அதன் உயிர் அதற்குள் இல்லை. சுவிட்ச் பெட்டியின் பின்பக்கம் இருக்கிறதுதான். நிஜமான சுவிட்ச் வேறெங்கோ இருக்கிறது.

இந்த 'வேறெங்கோ'வை விளக்க என் தொழிலில் இரண்டு பழைய கதைகள் சொல்வார்கள். 2009 ஜூலையில் அமேசான், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து ஒரு புத்தகத்தைத் தொலைவிலிருந்தே அழித்தது. அந்தப் புத்தகம் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'. கற்பனையாக எழுதியிருந்தால் ஆசிரியர் அடித்திருப்பார், இவ்வளவு பொருத்தம் வேண்டாம் என்று. அமேசான் காசைத் திருப்பிக் கொடுத்தது, பிறகு மன்னிப்பும் கேட்டது. இரண்டாவது கதை ரிவால்வ். வீட்டு விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் ஒன்றிணைக்கும் ஒரு சின்னப் பெட்டி, விலை 300 டாலர். கூகுள் குடும்பத்து நெஸ்ட் நிறுவனம் அதை வாங்கியது, 2016 மே 15ஆம் தேதி அதன் சர்வரை நிறுத்தியது. பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை. மறுநாள் காலை அது ஒன்றுக்கும் உதவாத பொருளாக இருந்தது, அவ்வளவுதான்.

இதில் வில்லன் யாரும் இல்லை என்பதுதான் என் சங்கடம். சர்வருக்குச் செலவாகும். பழைய பதிப்பைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். "இந்தத் தேதிக்குப் பிறகு சப்போர்ட் கிடையாது" என்று நானும் மின்னஞ்சல் வரைவு எழுதியிருக்கிறேன். எழுதும்போது அது நியாயமாகவே படும். எக்செல் தாளில் அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் ஒரு சின்னச் சதவீதம். அம்மா வீட்டில் உட்கார்ந்து யோசித்தால்தான் அந்தச் சின்னச் சதவீதத்துக்கு முகம் வருகிறது. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் 'பழுதுபார்க்கும் உரிமை'க்காக ஓர் இணையதளம் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் கப்ளர் தேய்வதற்கு உதிரிபாகம் கேட்கலாம். சர்வர் நின்றுபோனதற்கு எந்த உதிரிபாகத்தைக் கேட்பது?

*

இவ்வளவும் எனக்குக் கட்டுரைக்கான விஷயமாகத்தான் இருந்தது, போன வருஷத்துக்கு முந்தின கோடை வரைக்கும். அந்த ஏப்ரலில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். அப்பா போய் ஐந்து வருஷமாகிவிட்டது, வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள், வயது அறுபத்தேழு. முக்கால் மணி நேரம் அங்கேயே கிடந்திருக்கிறாள். பால் ஊற்ற வந்த பெண் பார்த்துத் தூக்கியிருக்கிறாள். எலும்பு முறியவில்லை. இடுப்பில் ரத்தம் கட்டியிருந்தது, அவ்வளவுதான். எங்களிடம் சொன்னதே இரண்டு நாள் கழித்து.

அக்கா நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அவள் ராத்திரி முழுக்கத் தூங்காமல் தேடி, காலையில் நான்கு லிங்க் அனுப்பினாள். எல்லாம் வைஃபை கேமரா. கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, பின்கட்டில் ஒன்று.

"டேய் தம்பி, நீ இந்த ஃபீல்டுல தான இருக்க. இதக்கூடப் பண்ண மாட்டியா?"

இது அநியாயமான கேள்வி இல்லை. அவளுக்குப் பகலாக இருக்கும்போது இங்கே ராத்திரி. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறவளுக்கு, அம்மா நடமாடுகிறாள் என்று கண்ணால் பார்ப்பது ஒரு மாத்திரை மாதிரி. என் நண்பர்களில் பாதிப் பேர் ஊரில் இருக்கும் பெற்றோர் வீட்டில் கேமரா வைத்திருக்கிறார்கள். மீட்டிங் நடுவில் போனைத் திறந்து, வெறிச்சோடிய கூடத்தில் அப்பா பேப்பர் படிப்பதைப் பார்த்துவிட்டு மூடிவைப்பார்கள். அதைக் கண்காணிப்பு என்று சொன்னால் கோபப்படுவார்கள். எனக்கும் அப்படிச் சொல்ல வாய் வராது.

ஆனால் அந்தக் கேமரா எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியும். அசைவு தெரிந்தால் படம்பிடித்து எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்பும். அங்கிருந்துதான் நம் போனுக்கு வரும். நடுவில் இருக்கும் அந்த 'எங்கோ'வில் மனிதர்கள் வேலை பார்க்கிறார்கள். 2023 மே மாதம் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், ரிங் என்ற வீட்டுக் கேமரா நிறுவனத்தின் மீது ஒரு குற்றச்சாட்டு வைத்தது: அதன் ஊழியர் ஒருவர், பெண்கள் தங்கள் படுக்கையறையிலும் குளியலறையிலும் வைத்திருந்த கேமராக்களின் பதிவுகளை ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார். நிறுவனம் 58 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

இதையெல்லாம் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவளுக்கு அவளுடைய காரணம் இருந்தது.

"வெயிலு நேரத்துல நான் எப்படி படுத்துக்கினு இருப்பேன்னு உனக்குத் தெரியுமா? அத இன்னாத்துக்குடா உங்க அக்கா ஊர்ல இருந்து பாக்கணும்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் வேறு பேச்சுக்கு மாறப்போனபோது, முந்தானையைச் சரிசெய்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்: "சாயங்காலத்துல உங்க அப்பா படத்தாண்ட பேசிக்கினு இருப்பேன். அதையும் நீங்க கேக்கணுமா?"

24 ஆகஸ்ட் 2017 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்குக்குப் பெயர் தந்த கே.எஸ். புட்டசாமி ஓய்வுபெற்ற நீதிபதி, வழக்குப் போட்டபோதே எண்பதைத் தாண்டியவர். பொதுவாக அந்தரங்கம் என்றால் இளைஞர்கள் போனில் பூட்டு போடுவது என்றுதான் நினைக்கிறோம். வயதானவர்களுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது என்று வீட்டிலேயே கேட்கிறோம். ஒளிக்க ஒன்றும் இல்லைதான். பேச ஓர் ஆள் இருக்கிறார், அவர் சுவரில் படமாக இருக்கிறார். அந்தப் பேச்சுக்கு மூன்றாவது ஆள் ஆகாது.

*

அந்த நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடந்து போயிருந்தால் பரவாயில்லை, அங்கேயே நின்றுவிட்டது. எங்களுக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை. சனிக்கிழமை ராத்திரியிலிருந்து அம்மா போன் கிடைக்கவில்லை. ஞாயிறு முழுக்கக் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தைத் தொடுமளவுக்கு வெள்ளம் என்று தென்மாவட்ட ரயில்களை நிறுத்தியிருந்தார்கள்.

அந்த முப்பத்தாறு மணி நேரத்தில் அக்கா என்னை எத்தனை தடவை கூப்பிட்டாள் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்கியம்: "கேமரா மட்டும் இருந்திருந்தா..."

"அக்கா, கரண்டே இல்ல. டவரே இல்ல. கேமரா இருந்தாலும் கறுப்புத் திரைதான் தெரியும்."

"அந்தக் கறுப்பையாவது பாத்துக்கினு இருந்திருப்பேன்டா."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

செய்தி வந்தது திங்கட்கிழமை காலை. பக்கத்து வீட்டுப் பையன் டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு அச்சிறுப்பாக்கம் பக்கம் வரை வந்து, டவர் கிடைத்த இடத்தில் நின்று ஊரில் ஏழெட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு வரிசையாகப் போன் போட்டிருக்கிறான். "அண்ணா, அம்மா நல்லாருக்காங்க. பின்பக்க ஓடு கொஞ்சம் போச்சு. எங்க வீட்டுலதான் சாப்டாங்க." பன்னிரண்டு விநாடி. நான் பார்த்த தகவல் தொழில்நுட்பத்திலேயே எதையும் இதற்குச் சமமாகச் சொல்ல மாட்டேன். பிறகு போய்ப் பார்த்தபோது அப்பாவின் டிரான்சிஸ்டர் திண்ணையில் இருந்தது. இருட்டில் அந்தத் தெருவே அதைச் சுற்றி உட்கார்ந்து செய்தி கேட்டிருக்கிறது. புது பேட்டரி இரண்டு எங்கிருந்து எடுத்தாள் என்று கேட்டேன். "எப்பவும் வெச்சிருப்பேன்" என்றாள்.

அதே புயலிலிருந்து அக்கா ஒரு பாடம் எடுத்துக்கொண்டாள், நான் வேறொன்று. அவளுக்குக் கேமரா வேண்டும் என்பது உறுதியானது. எனக்கு, சென்னையிலிருந்து ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கும் எந்தப் பொருளையும் அந்த வீட்டின் ஒரே காவலாக வைக்கக்கூடாது என்பது உறுதியானது.

*

எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்பது வாய்க்குள் உருண்டு உருண்டு அப்படி ஆகியிருக்கிறது. திண்டிவனத்தில் ஓர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1940இல் அங்கிருந்து வெளிவந்த டி.எம்.வி. 2 என்ற மல்லாட்டை ரகம், ஆந்திரா, கர்நாடகா வரை போய்ப் பல பத்தாண்டுகள் நிலத்தை ஆண்டது. டி.எம்.வி. என்பதில் இருப்பது திண்டிவனத்தின் பெயர்தான். நுகர்வோர் தொழில்நுட்பம் பற்றிய கட்டுரையில் மல்லாட்டைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எனக்கு அதுதான் முன்மாதிரி.

மல்லாட்டை தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்க்கும் செடி. ஆகவே இந்த வருஷக் காயில் நல்லதைப் பொறுக்கிக் காயவைத்துப் பானையில் போட்டு வைத்தால், அடுத்த வருஷம் அதே ரகம் முளைக்கும். ஒரு அரசு நிலையத்தில் படித்தவர்கள் செய்த ஆராய்ச்சி அது. ஆனால் ஒரு தடவை விவசாயி வீட்டுக்கு வந்துவிட்டால், மறுபடி யாரையும் கேட்க வேண்டியதில்லை. பக்கத்துக் காட்டுக்காரருக்கு ஒரு படி கொடுக்கலாம். ஆராய்ச்சி நிலையம் புது ரகத்துக்குப் போய்விட்டாலும் பழையது முளைப்பதை நிறுத்தாது. என் மொழியில் சொன்னால், சர்வர் இல்லாமல் ஓடும் மென்பொருள்.

இனி வரப்போகும் பொருட்கள் எல்லாம் இப்படி இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். பேசும் கருவிக்குப் பின்னால் பெரிய கணினிகள் வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும், அதற்கு யாரோ கட்டணம் கட்ட வேண்டும். ஆனால் எவ்வளவு முடியுமோ அவ்வளவாவது வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று கேட்கலாம் அல்லவா? இணைப்பு அறுந்தால் பாதி வேலையாவது செய்யட்டும். கம்பெனி கைவிட்டாலும் திண்டிவனத்து அண்ணன் திறந்து பார்க்கும்படி இருக்கட்டும். அணைத்தால் அணையட்டும். எங்கள் மீட்டிங்கில் நான் இப்போது இந்தக் கேள்விகளைக் கேட்கிறேன். பெரும்பாலும், "நல்ல பாயின்ட், அடுத்த ரிலீசில் பார்ப்போம்" என்று பதில் வரும்.

போன பொங்கலுக்கு அக்கா வந்திருந்தாள். மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து பேசி முடித்தோம். முடிவைச் சொன்னது அம்மா. ஒரே ஒரு கேமரா. வீட்டுக்குள் கிடையாது, திண்ணைத் தூணில், வாசலையும் கிணற்றடிக்குப் போகும் வழியையும் பார்த்தபடி. பதிவு அதிலேயே ஒரு மெமரி கார்டில். பிளக் பாயின்ட் அம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில். காலையில் கோலம் போட வரும்போது அவள் போடுவாள், விளக்கு வைத்துவிட்டு உள்ளே போகும்போது அணைப்பாள். அக்காவுக்கு இது பாதி வெற்றி. எலக்ட்ரீஷியன் தம்பிக்கு ஆச்சரியம். "ராத்திரிலதானேம்மா திருடன் வருவான்?" என்று கேட்டான். அம்மா, "வரட்டும், இன்னா கீது எடுத்துக்கினு போறதுக்கு" என்றாள்.

இப்போது தினமும் சாயங்காலம் ஆறேமுக்கால் வாக்கில் என் போனிலும் அக்கா போனிலும் ஒரே நேரத்தில் ஓர் அறிவிப்பு வருகிறது: 'கேமரா ஆஃப்லைன்'. அம்மா சுவிட்சை அணைத்திருக்கலாம். ஒலக்கூரில் கரண்ட் போயிருக்கலாம். அம்மாவுக்கு ஏதோ ஆகி, அவள் கைபட்டு பிளக் பிடுங்கிக்கொண்டிருக்கலாம். மூன்றுக்கும் அந்தச் செயலியிடம் ஒரே சொல்தான் இருக்கிறது. அதனால் தினமும் ஆறே ஐம்பதுக்கு யாராவது ஒருவர் போன் பண்ணிக் கேட்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அக்கா முந்திக்கொள்கிறாள். நான் கூப்பிட்டால் லைன் பிஸி.